இடது இறக்கைக்குள் மூன்று கோடுகள்

ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு விமான இறக்கைகள் குடியிருந்தன. ஒன்று சோபாவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது. மற்றது, சாப்பாட்டு மேசையைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் மரத் தாங்கிகளின் மேல் நீட்டிப் படுத்திருந்தது. தொலைக்காட்சி அதற்கு அந்தப் பக்கம். என் கணவர் இறக்கையின் விலாவெலும்பு போன்ற சட்டங்களுக்கு இடையே இருந்த கட்டங்கள் வழியாகச் செய்தி பார்க்கப் பழகிக்கொண்டார். செய்தி வாசிப்பவரின் கண் ஒரு கட்டத்திலும் வாய் அடுத்த கட்டத்திலும் தெரியும்.

"உமக்கு இதில என்ன சந்தோசம் எண்டு எனக்கு விளங்கேல்லை," என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார்.

விளங்கப்படுத்தினாலும் விளங்காது என்பதால் நான், "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்பேன்.

நாங்கள் டென்மார்க்கில், ஒடென்சேயின் புறநகரில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். அவர் நகரில் பஸ் ஓட்டுகிறார். நான் மரச் சன்னல்கள் செய்யும் தொழிற்சாலையில் ஒட்டுப் பகுதியில் வேலை செய்கிறேன். மரத்தையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பசையைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. இருபத்தைந்து வருடமாக அதன் மணத்தைத்தான் முகர்ந்துகொண்டிருக்கிறேன். ஒரே மகள் கோப்பன்ஹேகனில் சட்டம் படிக்கிறாள். அவளோடு தமிழில் கதைத்தால் டேனிஷில் பதில் வரும். இறக்கைகளின் படத்தை அனுப்பியபோது மட்டும் பதில் வரவில்லை. மூன்று நாள் கழித்து, அப்பா எங்கே படுக்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தாள்.

இதெல்லாம் ஒரு பொய்யில் தொடங்கியது. என் பொய்தான். ஒட்டுப் பகுதியில் என் பக்கத்தில் நிற்பவள் ஒரு பறக்கும் கழகத்தில் உறுப்பினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் ஃபூன் தீவுக்கு மேலே சுற்றினாள். இறங்கியபோது என் கால் நிலத்தில் நின்றது, நான் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான தண்ணீர் உடற்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, துவாயும் நீச்சலுடையும் வைத்த பையோடு புல்வெளி விமானத்தளத்துக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் கழகத்துக் கழிப்பறைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். தை மாதத்தில் ஒருநாள் கார் நிறுத்திய இடத்துக்கு நடப்பதற்குள் தலைமயிர் விறைத்து, தொட்டால் சடசடவென்று சத்தம் போட்டது. அப்படியும் விடவில்லை. ஒன்றேகால் வருடத்தில் சிறு விமானம் ஓட்டும் சான்றிதழை வாங்கி, சமையலறையில் பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

என் கணவர் ஒருநாள் பருப்புக் கறி வைக்கப் போனார்.

"நானும் யோசிச்சனான்," என்றார் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு. "இவ்வளவு காலம் தண்ணிக்குள்ள கிடந்தும் உம்மில ஒருநாளும் குளோரின் மணக்கேல்லை."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து, திருப்பிப் போடுவதற்கான சத்தத்தையும் தயாராக வைத்திருந்தேன். அவர் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பருப்பும் அவியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் பறக்கும் இயந்திரம் என்றால் முதலில் தெரிந்தது அதன் சத்தம்தான். ஊரில் சண்டைக் காலத்தில், சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓட வேண்டும், குப்புறப் படுக்க வேண்டும், வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவருடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே ஓடிப் போய்ச் சேராத நாள் ஒன்று உண்டு. அதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் தாழப் பறக்கும் விமானம் ஏதாவது வீட்டுக்கு மேலே போனால் கதையை நடுவில் நிறுத்திவிடுவார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தான் நிறுத்தியது அவருக்கே தெரியாது. எனக்கும் அதே பயம்தான் இருந்தது, ஆனால் என் பயம் எரிச்சல் பிடித்த பயம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தச் சத்தத்துக்குக் கீழே இல்லாமல் அதற்குப் பின்னால் இருந்து, கையில் அதன் பிடியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பார்த்தேன். பிறகு எனக்கென்று ஒன்று வேண்டும் போல இருந்தது.

கழகத்தில் ஒருவர் சொல்லித்தான் ஒரு விவசாயியின் களஞ்சியத்துக்குப் போனேன். வைக்கோலுக்குக் கீழே, நாற்பதுகளின் கடைசியில் இந்த நாட்டிலேயே செய்த ஒரு விமானம் கிடந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இறக்கை முழுக்க மரம். மேலே போர்த்திருந்த துணி தாறுமாறாகக் கிழிந்து தொங்கியது. எலிகள் மூன்று தலைமுறையாக வாழ்ந்த அடையாளம் இருந்தது. ஓட்டி இருக்கும் இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விவசாயி காசு கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் களஞ்சியத்தை வெறுமையாக்க வேண்டும், கோழியை விட்டுவிட்டுப் போக வேண்டும், இவ்வளவுதான் அவருடைய நிபந்தனை. நான் ஒரு பெட்டி ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாவது ரோலுக்குப் பிறகு விமானத்தின் பத்திரங்களையும் தேடி எடுத்துத் தந்தார்.

விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மத்தியானம் வேலை முடிந்து வந்த என் கணவர், தன் கார் நிற்கும் கொட்டகைக்குள் சக்கரத்தோடு ஒரு எலும்புக்கூடு நிற்பதைப் பார்த்தார்.

"இது பறக்குமோ?"

"இப்ப பறக்காது."

"பிறகு?"

"பிறகு பறக்கும்."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இறக்கைகள் அவருக்கு முன்பே உள்ளே போயிருந்தன. பசை காய இருபது பாகை வெப்பம் வேண்டும். கொட்டகையில் அது கிடைக்காது, வரவேற்பறையில் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் மர விமானங்களைப் பாலிலிருந்து எடுத்த பசையால் ஒட்டினார்கள். நல்ல பசைதான். ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் பசையைத் தின்றுவிட்டு மரத்துக்குள் போகும். வெளியே ஒரு சின்னக் கறை தெரியும், உள்ளே எல்லாம் போயிருக்கும். நான் ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, சுரண்டி, பழுதான விலாக்களைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்து புதுப் பசையில் ஒட்டினேன். சின்ன மூட்டுகளைப் பிடித்து வைக்க உடுப்புக் கொழுவும் மரக் கிளிப்புகள் போல ஒன்றுமில்லை. வீட்டிலிருந்த எல்லாக் கிளிப்பும் இறக்கையில் ஏறின. இவருடைய பஸ் சீருடைகள் ஒரு பருவகாலம் முழுக்கக் கதிரைகளில் காய்ந்தன. முன்விளிம்பில் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டியபோது மேலே பாரம் வைக்க வேண்டியிருந்தது. பத்துக் கிலோ பாஸ்மதி மூட்டைகள் ஐந்தை வரிசையாகத் தூக்கி வைத்தேன்.

"சோறு போட அரிசி எடுக்கலாமோ?"

"இருபத்திநாலு மணித்தியாலம் கழிச்சு எடுக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"பாண் கிடக்கு."

என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. இறக்கைக்கு ஒரு மீற்றர் தூரத்துக்குள் தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, தேத்தண்ணிக் கோப்பைகூடக் கூடாது. சாமித் தட்டையும் அதில் எரியும் விளக்கையும் சமையலறைக்கு மாற்றினேன். சாமிக்குச் சமையல் மணம் பிடிக்கும் என்று இவருக்குச் சமாதானம் சொன்னேன்.

நான் பிடிவாதக்காரி என்பது ஊருக்கே தெரியும், ஆனால் என் கணவரும் குறைந்தவர் இல்லை. அவருடைய ஆயுதம் பகிடி. இங்கே யூன் மாதம் சங்க்ட் ஹான்ஸ் நாளில் ஒவ்வொரு குடியிருப்பிலும் மரத்தைக் குவித்து நெருப்பு மூட்டுவார்கள். குவியலுக்கு மேலே துணியால் செய்த ஒரு சூனியக்காரிப் பொம்மையை வைப்பார்கள். எங்கள் குடியிருப்பில் மரம் சேர்க்கும் பொறுப்பை அந்த வருடம் இவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இறக்கையைக் கண்ணால் அளந்தார்.

"நல்ல காய்ஞ்ச மரம்."

"கிட்ட வந்தால் கையை முறிப்பன்."

"மேல வைக்கப் பொம்மை ஒண்டு தைக்க வேணுமாம். நான் சொன்னனான், தேவையில்லை, என்ர வீட்டில ஒராள் இருக்கு எண்டு."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு பந்தயம் கட்டினேன். துணி போர்த்துவதற்கு முன் சிறு விமானச் சங்கத்தின் பரிசோதகர் வந்து மரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறக்கை கூடாது என்று சொன்னால், நானே இரண்டையும் அறுத்து சங்க்ட் ஹான்ஸ் நெருப்புக்குக் கொடுப்பதாகச் சொன்னேன். கை கொடுத்தோம். கொடுத்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னொரு இறக்கையை முதலிலிருந்து தொடங்க எனக்கு முதுகும் இல்லை, கண்ணும் இல்லை. இது போனால் எல்லாம் போனதுதான்.

இந்த நேரத்தில்தான் நான் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். உண்மையில் பொய் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லாமல் விட்டேன். கோயிலில் பூமாலை கட்டும் அக்கா ஒருவர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு அழைப்புச் சொல்ல வந்தார். வரவேற்பறை வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை.

"இதென்ன பிள்ளை, இறக்கை மாதிரிக் கிடக்கு?"

"ஓம் அக்கா, இறக்கைதான்."

"மரத்திலயோ செய்யிறாய்?"

"மரத்திலதான் அக்கா."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "கோயிலுக்கு மயில் வாகனமோ?"

திருவிழாவில் முருகனை ஏற்றி வலம் வர மர மயில் செய்வது வழக்கம். எங்கள் கோயிலில் வாகனம் இல்லை என்பது எல்லோருக்கும் குறை. அந்த அக்காவின் கண் கலங்கியதைப் பார்த்ததும், இல்லை அக்கா, நான் ஏறிப் பறக்கச் செய்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அன்று பின்னேரத்துக்குள் டென்மார்க் முழுக்கத் தெரிந்திருக்கும்.

"முடிஞ்சாப் பிறகு பாருங்கோவன், அக்கா," என்றேன்.

"இவ்வளவு பெரிய மயிலோ!" என்று வியந்துகொண்டே போனார். மயிலும் டென்மார்க் முழுக்கத் தெரிய ஒரு பின்னேரம்தான் எடுத்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன என் கணவர் திரும்பி வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது. அவர் கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார். ஐயர் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டு, குடும்பமாக இப்படி ஒரு தொண்டு செய்கிறீர்கள் என்று மாலை போட்டிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டிப்போட்டு வந்து நிக்கிறன். உமக்காகப் பஸ்ஸில பொய் சொல்லலாம், கோயிலில சொல்ல வைச்சிட்டீர்."

கையில் ஒரு தயிர்ப் பெட்டி இருந்தது. வாகன வேலைக்கென்று ஐயர் அதற்குள் திருநீறும் சந்தனமும் குங்குமமும் தனித்தனியே மடித்துக் கொடுத்திருக்கிறார். நான் சிரிப்பை அடக்க முடியாமல், "என்ர ஒரு மீற்றர் சட்டம் முருகனுக்கும்தான், ஞாபகம் இருக்கட்டும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனார். நான் அந்தப் பெட்டியை அத்தோடு மறந்துவிட்டேன்.

பரிசோதகர் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். உயரமான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதிகம் கதைக்கவில்லை. வெறும் கோப்பி கேட்டார். குடித்துவிட்டுக் கோப்பையை இறக்கையிலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால் தானாகவே கொண்டுபோய் வைத்தார். அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

முதலில் நான் வைத்திருந்த மாதிரித் துண்டுகளைக் கேட்டார். ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் இரண்டு சின்னக் கட்டைகளை அதே பசையில் ஒட்டித் திகதி எழுதி வைப்பது முறை. அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தார். எல்லாமே மரத்தில் உடைந்தன. ஒன்றுகூடப் பசையில் பிரியவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. மூலையில் கதிரையில் இருந்த என் கணவரைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினேன். அவர் சன்னலைப் பார்த்தார்.

பிறகு வலது இறக்கை. தட்டினார், காது வைத்துக் கேட்டார், விளக்கைப் பிடித்துக்கொண்டு பல்வைத்தியர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. "நல்லது," என்றார். பிறகு இடது இறக்கை. அடிப்பக்கத்தில், இறக்கை உடம்போடு பொருந்தும் இடத்தில், முதுகெலும்பு போல நீளமாகப் போகும் பெரிய மரத்தின் பின்புறத்துக்குக் கண்ணாடியை விட்டார்.

"ம்," என்றார்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன். டேனிஷ்காரர் சொல்லும் 'ம்' எத்தனை வகை என்று எனக்குத் தெரியும். இது வைத்தியர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டுச் சொல்லும் வகை.

"என்ன?" என்று கேட்டேன்.

"இங்கே ஒரு கறை இருக்கிறது. மஞ்சள். நடுவில் சிவப்பு."

அந்த இடத்தை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் பூஞ்சணம் என் சாட்சியத்தைக் கேட்டா வரும்? அரிசி மூட்டையில் ஈரம் இருந்ததோ, பனிக்காலத்தில் சன்னலைத் திறந்து விட்டேனோ என்று தலைக்குள் எல்லாம் ஓடியது. முக்கிய மரத்தில் பூஞ்சணம் என்றால் அந்த இறக்கை முடிந்தது. ஒன்றரை வருடமும் முடிந்தது.

"பசைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது," என்றார் பரிசோதகர். "எனக்குப் பிடிக்கவில்லை. துளை போட்டு மரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்தாலும், இந்த இடத்தில் என்றால்..." கண்ணாடியை வெளியே எடுத்துத் துடைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு அந்நிய மனிதருக்கு முன்னால் ஐம்பத்தாறு வயதுப் பெண் நின்று அழுதேன். என் கணவர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். பந்தயத்தை வென்ற மனிதரின் முகம் இல்லை அது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

பரிசோதகர் மறுபடி கண்ணாடியை விட்டார். "விசித்திரம். இதைச் சுற்றிச் சாம்பல் நிறத்திலும் இருக்கிறது. ஆனால் பரவவில்லை. கோடு கோடாக இருக்கிறது. பூஞ்சணம் கோடாக வளர்ந்து நான் பார்த்ததில்லை."

நான் மூக்கைத் துடைத்தேன். "எத்தனை கோடு?"

"மூன்று."

"படுக்கைக் கோடோ?"

"ஆம். நேராக. ஒரே அளவில்." அவர் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் என் பார்வையைத் தாங்காமல், வெறுமையான கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்து அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்கோ," என்றேன். "எப்ப வைச்சனீங்கள்?"

"நீர் வேலைக்குப் போன நேரம்," என்றார் கோப்பைக்குள்.

"ஒரு மீற்றர் எண்டு சொன்னனானெல்லோ!"

"கனக்கத் தண்ணி விடேல்லை. பன்னீர் மூண்டு துளிதான்."

பரிசோதகர் பொறுமையாக எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் நூறு பேரோடு டேனிஷ் கதைக்கும் என் கணவருக்கு அன்று டேனிஷ் எல்லாம் மறந்துபோனது. சாம்பல், மரம், அரைத்தது, சிவப்புத் தூள் என்று துண்டு துண்டாகச் சொன்னார். கடைசியில் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். சனிக்கிழமைகளில் அவர் நெற்றியில் காலையிலேயே அது இருக்கும். அன்றும் இருந்தது. பரிசோதகர் அந்த நெற்றியை நெருங்கி, இறக்கையைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார்.

"ஒரே மாதிரித்தான் இருக்கிறது," என்றார். "இது எதற்கு?"

"விழாமல் இருக்க," என்றார் என் கணவர்.

பரிசோதகர் தலையை ஆட்டினார். விழாமல் இருப்பதற்காகச் செய்யும் எதையும் அவர் சிரிப்பாக எடுக்கும் ஆள் இல்லை என்று தெரிந்தது. ஒரு நீளக் குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு ஓரத்தைத் துடைத்தார். வந்தது. முகர்ந்து பார்த்தார். மெல்லிய ஊசியால் அந்த இடத்து மரத்தைக் குத்தினார். மரம் கல்லு மாதிரி இருந்தது. ஈரம் அளக்கும் கருவியை வைத்தார். பிறகு சாப்பாட்டு மேசையைத் தேடினார். மேசை இல்லாததால் தன் முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

சப்பாத்துப் போடும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வலது இறக்கையில் நான் எதையும் பார்க்கவில்லையே?"

என் கணவர், "இவ இடது பக்கம் இருந்துதான் ஓட்டுவா," என்று டேனிஷில் சொன்னார். அதற்குள் டேனிஷ் திரும்பி வந்திருந்தது.

"வலது பக்கம்?"

"அங்கே யாரும் இருக்கப் போவதில்லை."

பரிசோதகர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தார். "இது விதி இல்லை, என் கருத்து மட்டும்தான்," என்றார். "விமானம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது நல்லது."

அவர் போனதும் நான் வெடித்தேன். அடக்கி வைத்திருந்த அழுகை, பயம், ஒன்றரை வருடத்து முதுகுவலி எல்லாம் திட்டாக வந்தன. "உங்கட பக்தியால என்ர இறக்கை நெருப்புக்குப் போயிருக்கும், தெரியுமோ! அந்தாள் துளை போட்டிருந்தால் என்ன செய்திருப்பியள்?" என்று கத்தினேன். என் மயில் வாகனக் கதைதான் அந்தத் தயிர்ப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பது நடுவில் ஞாபகம் வந்தது. வந்தாலும் அதைச் சொல்லி என் திட்டை நானே கெடுத்துக்கொள்ளவில்லை.

அவர் கோப்பிக் கோப்பையை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

"நெருப்புக்கு மரம் கேட்ட ஆளெல்லோ நீங்கள்? பிறகேன் வைச்சனீங்கள்?"

"நான் மறிச்சு நீர் எப்ப நிண்டனீர்?" என்றார். "நீர் போறது போறதுதான். கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறவன் நான். எனக்கும் பிடிச்சுக்கொள்ள ஏதாவது வேணுமெல்லே."

எனக்குத் திட்டுத் தீர்ந்துபோனது. தேத்தண்ணி போடப் போனேன். இரண்டு கோப்பையிலும் சீனி போட மறந்துவிட்டேன், அவரும் அப்படியே குடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே கோயிலுக்குப் போனேன். பூமாலை அக்காவைத் தனியே கூப்பிட்டு, அது மயில் இல்லை, விமானம், ஓட்டப்போவது நான் என்று சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அக்கா கையிலிருந்த மாலையின் முடிச்சை இறுக்கினார்.

"பறக்குமோ?"

"பறக்கும் அக்கா."

"எண்டால் திருவிழா அண்டைக்குக் கோயிலுக்கு மேலால ஒருக்காப் போ. இஞ்ச சிலையாக் கிடக்கிற மயில் ஒண்டும் பறக்கேல்லையே." நிர்வாகசபைக்குத் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். என்ன சொன்னாரோ தெரியாது, என் கணவருக்குப் போட்ட மாலையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி போர்த்தத் தொடங்கினோம். துணியை விளிம்பில் ஒட்டிவிட்டு, சூடான அயன்பெட்டியால் தடவினால் அது சுருங்கி மேளத் தோல் போல இறுகும். அந்த வேலையை இவரிடம் கொடுத்தேன், ஏனென்றால் சீருடைச் சட்டைக்கு இவர் போடும் மடிப்பு என் கையில் வராது. இடது இறக்கை மத்தியானத்துக்குள் முடிந்தது. மூன்று கோடும் பொட்டும் துணிக்குள் மறைந்தன. வலது இறக்கையைத் தாங்கிகளில் தூக்கி வைத்து, துணியை விரித்து, பசைத் தூரிகையைக் கையில் எடுத்தேன்.

"கொஞ்சம் பொறும்," என்றார்.

சமையலறைக்குப் போய்த் தயிர்ப் பெட்டியோடு வந்தார். ஒரு மீற்றர் தாண்டி, அரை மீற்றர் தாண்டி, இறக்கையின் அடிப்பக்கத்துக்கே வந்தார். நான் பசைத் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"ரோச் லைற்றை ஒருக்காப் பிடியும்."

பிடித்தேன். கையை உள்ளே விட்டு, பெரிய மரத்தின் பின்புறத்தில் மூன்று விரலால் கோடு இழுத்தார். சந்தனம் வைத்தார். நடுவில் குங்குமம். இடது பக்கத்தை விட இது கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. கையை வெளியே எடுத்து, விரலைத் தன் சட்டையில் துடைத்தார்.

"அந்தப் பக்கத்துக் கதவு உள்ளுக்கை இருந்து வடிவாப் பூட்டுமோ?"

"பூட்டும்."

"பெல்ட்?"

"இருக்கு. உங்களுக்கெண்டு தனியா இருக்கு."

அந்த நேரம் வீட்டுக்கு மேலால் ஏதோ ஒரு சின்ன விமானம் போனது. அவர் நிறுத்தினார், சத்தம் போகும்வரை நின்றார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"எண்டால் சரி. இது காயட்டும். பிறகு துணியைப் போடும்."

நான் ரோச்சை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.